நான்கு மணிப்பூக்களில் எஞ்சிய இரண்டு

கொல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மவர்களில், ஹௌராவை அடுத்த சிப்பூர் தாவரத் தோட்டத்திற்கு ஒரு முறையேனும் சென்று வராதவர் சிலரே இருப்பர். பிற மாநிலங்களிலிருந்து அந்நகருக்கு விருந்தினராகச் செல்லும் தமிழர்களையும் உறவினர்கள் முதலில் அழைத்துச் செல்வது அங்கேதான். ஆயிரக்கணக்கான விழுதுகளைத் தூண்களாக ஊன்றி ஒரு தோப்பைப் போலப் பரந்து நிற்கும் ஆலமரத்தைப் பார்த்து வியக்கிறோம். ஆனால் அதே தோட்டத்தில், ஹூக்ளி ஆற்றை நோக்கிக் கட்டப்பட்ட பழைய வீடு ஒன்றை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அது அத்தோட்டத்தின் தலைவராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் என்பவர் கட்டிய வீடு.

ராக்ஸ்பர்க் ஸ்காட்லாந்து தேசத்தவர். 1776ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். பின்னர் ஆந்திர நாட்டுச் சாமர்லகோட்டையில் பல ஆண்டுகள் இருந்து சோழமண்டலக் கரையின் செடிகொடிகளை ஆராய்ந்தார். 1793இல் கல்கத்தாத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். இந்தியத் தாவர நூலின் தந்தை என்று இவரைப் போற்றுவது வழக்கம். 1813இல் உடல்நலம் குன்றி இந்தியாவை விட்டுப் புறப்பட்ட இவர், வழியில் ஸெயின்ட் ஹெலினா என்னும் தீவில் தங்கினார். நோயாளியாகத் தங்கியிருந்த காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. அத்தீவில் கண்ட தாவரங்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் தயாரித்தார். 1815இல் அவர் எடின்பரோவில் காலமானார். பட்டியல் அதற்கு மறு ஆண்டு அச்சேறிற்று.

அத்தீவின் மணிப்பூ வகைகளில் ஒன்று இன்றும் ராக்ஸ்பர்க்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர்தான் நிற்கிறது, பூ இல்லை. அது உலகிலிருந்தே மறைந்துவிட்டது. அதனுடன் மற்றொரு வகையும் மறைந்தது. அவ்விரண்டின் உடன்பிறப்புக்களாக இன்னும் இரண்டு மணிப்பூக்கள் அத்தீவில் எஞ்சியுள்ளன. எஞ்சிய இவ்விரண்டும் ஒன்றற்கொன்று எவ்வாறு ஒத்திருக்கின்றன, எவ்வாறு வேறுபடுகின்றன, ஒரே தீவில் ஒரே குடும்பத்தில் பிறந்தும் ஒன்று ஓரளவு தழைக்க மற்றொன்று அழிவின் விளிம்பில் நிற்பது ஏன் என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

முதலில் மணிப்பூ என்றால் என்ன என்று பார்ப்போம். கோயில் மணியைத் தலைகீழாகவோ நேராகவோ பிடித்தாற்போல் இதழ்கள் அடியில் ஒன்றாகக் கூடி விளிம்பில் பிரியும் பூக்களைக் கொண்ட செடிக் குடும்பம் இது. லத்தீன் மொழியிலும் இக்குடும்பத்தின் பெயருக்குச் சிறு மணி என்பதே பொருள். நம் நாட்டிற்கும் இது அந்நியமானதன்று. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிச் சரிவுகளில், நூல் போன்ற காம்பின் நுனியில் வெளிறிய நீலநிறச் சிறு பூ ஒன்று காற்றில் ஆடுவதைச் சிலர் கண்டிருக்கலாம். அது வாலன்பெர்கியா என்னும் இனத்தைச் சேர்ந்தது. ஸ்வீடன் தேசத்து உப்சாலா நகரில் வாழ்ந்த யோரான் வாலன்பெர்க் என்ற தாவர நூலாரின் நினைவாக இட்ட பெயர் அது. இவ்வினத்தின் வகைகள் மிகுதியாக உள்ள நாடு தென் ஆப்பிரிக்கா. ஸெயின்ட் ஹெலினாவின் மணிப்பூக்கள் நான்கும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஆகவே நீலகிரிப் பூவுக்கு அவை தூரத்து உறவு என்று சொல்லலாம்.

இப்பூக்கள் கருவுறும் முறை மிக நயமானது. பூ மலர்வதற்கு முன்பே, மொட்டுக்குள் இருக்கும் மகரந்தப் பைகள் வெடித்துத் தம் பொடியை நடுவிலுள்ள சூல்தண்டின் மேல் பூசிவிடுகின்றன. பூ விரிந்ததும் வந்து நுழையும் பூச்சி அந்தப் பொடியைத் தன் உடம்பில் அப்பிக்கொண்டு செல்கிறது. பொடி தீர்ந்த பிறகே அதே தண்டின் நுனி பிளவுபட்டு, வேறு பூவிலிருந்து வரும் மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது. கொடுப்பது முதலில், ஏற்பது பின்னர். காய் முதிர்ந்ததும் அதன் உச்சி சிறு கதவுகளைப் போலத் திறந்துகொள்கிறது. தூசியைப் போன்ற விதைகள் காற்றில் சிதறுகின்றன. இவ்வளவு நுண்ணிய விதையில் முளைக்குக் கட்டுச்சோறு மிகக் குறைவு. ஆகவே அது விழும் இடத்தில் ஈரமும் வெளிச்சமும் உடனே கிடைக்க வேண்டும். அடர்ந்த நிழலில் விழுந்த விதை வீண்தான். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் செய்தி எளிதில் விளங்கும்.

இனி, எஞ்சிய இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்றின் பெயர் வாலன்பெர்கியா அங்குஸ்டிஃபோலியா. குறுகிய இலையுடையது என்பது பொருள். மற்றொன்று வாலன்பெர்கியா லினிஃபோலியா. ஆளிச் செடியின் இலை போன்ற இலையுடையது என்பது பொருள். ஆளியின் இலையும் குறுகியதே ஆதலால், பெயரைக் கொண்டு இவற்றை வேறுபடுத்துவது எளிதன்று. தீவு மக்கள் இத்தொல்லைக்கு இடம் வைக்கவில்லை. முன்னதைச் சிறு மணிப்பூ என்றும் பின்னதைப் பெரு மணிப்பூ என்றும் தம் ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். நாமும் அவ்வாறே அழைப்போம்.

இரண்டும் வெள்ளை நிறப் பூக்கள். இரண்டும் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை. ஆனால் சிறு மணிப்பூவின் தண்டு மெல்லியது. ஈரமான மண்கரையிலும் பாறையிலும் பற்றிக்கொண்டு வளைந்து தொங்கும். பூவும் சிறியது. பெரு மணிப்பூவோ அடியில் கட்டைபாய்ந்து சிறு புதரைப் போல நிற்கும். அதன் மணியும் பெரியது. உருவத்தில் காணும் இவ்வேற்றுமையைவிடப் பெரியது, அவை வாழும் இடத்தில் காணும் வேற்றுமை. அதை உணர வேண்டுமானால் அத்தீவைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும்.

ஸெயின்ட் ஹெலினா தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் பரப்பு 122 சதுர கிலோமீட்டர். அதாவது சென்னை மாநகரின் பரப்பைவிடக் குறைவு. மக்கள் தொகை நாலாயிரத்துச் சொச்சம். 1815இல் சிறைவைக்கப்பட்ட நெப்போலியன் 1821இல் உயிர் நீத்த இடம் என்றே இத்தீவைப் பலரும் அறிவர். 2017இல் விமானப் போக்குவரத்துத் தொடங்கும் வரையில் கப்பல் ஒன்றே அங்குச் செல்லும் வழியாக இருந்தது. கடலோரம் வறண்ட பாறை. நடுவே உயர்ந்து செல்லும் மலைமுகட்டில் டயானா சிகரம், அக்டியான் மலை முதலிய உச்சிகள் உள்ளன. மிக உயர்ந்தது ஏறத்தாழ 820 மீட்டர். இந்த முகட்டில்தான் மேகம் தங்கும். மரப் பெரணிகளும், தீவுக்கே உரிய முட்டைக்கோசு மரங்கள் என்று வேடிக்கையாகப் பெயர் பெற்ற மரங்களும் அங்கே மூடுபனியைத் தம் இலைகளில் வாங்கிச் சொட்டுச் சொட்டாக நிலத்தில் இறக்குகின்றன. தீவின் ஊற்றுக்களுக்கு அதுவே தாய்.

இத்தீவின் விதியை எழுதியதில் இந்தியாவிற்கும் ஒரு பங்கு உண்டு. 1502இல் கேரளக் கரையிலிருந்து மிளகு ஏற்றிக்கொண்டு திரும்பிய போர்த்துக்கீசியக் கப்பல் தலைவர் ழுவாவ் ட நோவா என்பவரே இதனைக் கண்டுபிடித்தவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அன்று அங்கே மனிதர் இல்லை. மேயும் விலங்கும் இல்லை. இந்தியாவிலிருந்து திரும்பும் கப்பல்களுக்கு நன்னீரும் இறைச்சியும் கிடைக்கவேண்டி, போர்த்துக்கீசியர் அங்கு ஆடுகளை விட்டனர். அதே 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. 1659 முதல் 1834 வரை தீவு கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் இருந்தது. சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் லண்டனுக்குச் சென்ற கப்பல்கள் அங்கே நின்று தண்ணீர் பிடித்தன.

மேயும் விலங்கையே அறியாமல் வளர்ந்த செடிகளுக்கு முள் இல்லை, கசப்பு இல்லை, வேறு காப்பும் இல்லை. ஆடு முளையைத் தின்றது. மனிதன் மரத்தை வெட்டினான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் ஒருவர், கருங்காலி மரங்கள் ஆடுகளால் அழிகின்றன என்று கம்பெனியின் மேலிடத்திற்கு எழுதினார். கருங்காலியைவிட ஆடே விலை மிக்கது என்ற கருத்தில் அவருக்கு விடை வந்தது. கணக்குப் புத்தகத்தின்படி அது சரியான விடை. ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஆட்டுக்கு விலை இருந்தது. கருங்காலியின் கடைசிக் கன்றுக்கு விலை இல்லை.

ஆட்டுக்கு எட்டாத மலைமுகட்டில் மணிப்பூக்கள் ஒதுங்கி உயிர் பிழைத்தன. அங்கேயும் ஓர் எதிரி வந்தது. அது நார்ப்பயிர். ஆள் உயரத்தை மிஞ்சும் வாள் போன்ற இலைகளை உடைய நியூஸிலாந்து ஆளி என்னும் செடியைக் கயிறும் சாக்குநூலும் செய்வதற்காகத் தீவில் பயிரிட்டனர். 1907இல் அரசாங்கமே ஆலை வைத்துத் தொடங்கிய இத்தொழில் இரண்டு தலைமுறைக் காலம் தீவு மக்களுக்குச் சோறு போட்டது. பிரிட்டிஷ் தபால் துறை செயற்கை நூலுக்கு மாறியதும் விலை வீழ்ந்தது. 1966இல் கடைசி ஆலையும் மூடப்பட்டது. ஆலை மூடிற்று, பயிர் மூடவில்லை. வெட்டுவார் இல்லாத ஆளி மலைச்சரிவெங்கும் தானே பரவி, அடர்ந்து, தன் அடியில் ஒரு கதிரும் நுழையாதபடி நிலத்தைப் போர்த்தியது. ஆளியிலை என்னும் பெயரையே தாங்கிய பெரு மணிப்பூவின் இடத்தை, மெய்யான ஆளிக் குடும்பத்தோடு யாதொரு தொடர்பும் இல்லாத ஒரு போலி ஆளி பிடித்துக்கொண்டது.

இப்பொழுது இரு மணிப்பூக்களின் வேற்றுமையைக் காண்போம். தூசி போன்ற விதைக்கு ஈரமும் வெளிச்சமும் வேண்டும் என்றோம். சிறு மணிப்பூ இவற்றை எங்கே கண்டாலும் குடியேறிவிடும். மலையைக் குடைந்து சாலை போட்டால், வெட்டிய மண்கரையில் வந்து முளைக்கும். சரிந்த பாறையின் பிளவிலும் ஒட்டிக்கொள்ளும். மனிதன் செய்த காயத்தையே அது தனக்கு இடமாக ஆக்கிக்கொள்கிறது. பெரு மணிப்பூவுக்கு இந்த இயல்பு இல்லை. நடுமுகட்டின் பழைய ஈரக்காட்டைச் சார்ந்த இடங்களே அதற்கு வேண்டும். அவ்விடம் சுருங்கச் சுருங்க அதுவும் சுருங்கியது. நம் வீடுகளிலும் இவ்விரு தன்மையினரைக் காண்கிறோம். எந்த ஊர்த் தண்ணீரும் ஒத்துக்கொள்ளும் ஒருவர் இருப்பார். சொந்த ஊர்க் கிணற்றைவிட்டு வந்தால் நோயில் விழுகிற பாட்டியும் இருப்பார். ஊர்விட்டு ஊர் வந்து வேர் ஊன்றிய நமக்கு முதலாமவரைப் பாராட்டுவது எளிது. ஆனால் இரண்டாமவரின் குறை என்று எதைச் சொல்வது? அவர் மாறவில்லை, கிணறுதான் தூர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு சொல் ஆராய்ச்சியும் தேவைப்படுகிறது. நாம் தில்லியில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர். அழிந்துவரும் உயிரினம் என்ற தொடரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். வேங்கைக்கும் அதே சொல், கழுகுக்கும் அதே சொல், காட்டுப் பூவுக்கும் அதே சொல். உண்மையில், 1948இல் தோன்றிய உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த ஆபத்தை ஒன்றாகக் கருதவில்லை. படி படியாக வகுத்துள்ளது. ஆபத்துக்கு இலக்காகக் கூடியது முதற்படி. ஆபத்தில் இருப்பது இரண்டாம் படி. மிகக் கடுமையான ஆபத்தில் இருப்பது மூன்றாம் படி. அதற்கப்பால், காட்டில் அழிந்து தோட்டத்தில் மட்டும் வாழ்வது. கடைசியாக, முற்றும் அழிந்தது.

இப்படிகள் மனம்போனபடி வகுத்தவை அல்ல. முதிர்ந்த செடிகளின் எண்ணிக்கை 1,000க்குக் குறைந்தால் முதற்படி. 250க்குக் குறைந்தால் இரண்டாம் படி. 50க்குக் குறைந்தால் மூன்றாம் படி என்பது அளவுகோல்களில் ஒன்று. பரவியுள்ள நிலத்தின் அளவு மற்றோர் அளவுகோல். நிலம் சிறியது என்பது மட்டும் போதாது. அது மேலும் சுருங்கி வருகிறது, துண்டுபட்டுக் கிடக்கிறது என்பன போன்ற சான்றுகளும் வேண்டும். தீவு முழுவதுமே 122 சதுர கிலோமீட்டர் ஆதலால், அதன் செடிகள் பிறக்கும்போதே அபாயத்தின் வாசலில் பிறக்கின்றன எனலாம். சிறு மணிப்பூவும் ஆபத்துப் பட்டியலில் இடம்பெற்றதே. ஆயினும் பெரு மணிப்பூ அதனினும் கடுமையான மூன்றாம் படியில் வைக்கப்பட்டுள்ளது. இரண்டையும் அழிந்துவருவது என்ற ஒரே சொல்லால் நாம் மொழிபெயர்த்தால், காய்ச்சல்காரரையும் மூச்சுத் திணறுபவரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்த வைத்தியர் ஆவோம். யாரை முதலில் பார்ப்பது என்பது தெரியாமற்போகும்.

இனி, மறைந்த இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை. ராக்ஸ்பர்க்கின் மணிப்பூ ஒன்று. மற்றது பர்ச்செல்லின் மணிப்பூ. வில்லியம் பர்ச்செல் என்பவர் 1805 முதல் 1810 வரை அத்தீவில் பள்ளி ஆசிரியராகவும் கம்பெனியின் தாவர ஆராய்ச்சியாளராகவும் இருந்தவர். இவ்விரு பூக்களையும் 19ஆம் நூற்றாண்டிற்குப் பிறகு கண்டவர் இல்லை. உலர்த்தித் தாளில் ஒட்டிய மாதிரிகளும் எழுதிவைத்த குறிப்புக்களுமே மிச்சம். அவற்றைச் சேகரித்தவர்கள் அழிவைக் காக்க வந்தவர்கள் அல்லர், பெயரிட வந்தவர்கள். ஆயினும் அவர்கள் பெயரிட்டு எழுதிவைத்திராவிடின், எது போயிற்று என்பதுகூட இன்று நமக்குத் தெரிந்திராது.

எஞ்சியவற்றைக் காக்க இன்று என்ன செய்கிறார்கள்? 1996இல் டயானா சிகரமும் அதனை அடுத்த உச்சிகளும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கே ஆளியை வெட்டி அகற்றும் வேலை நடைபெறுகிறது. அதனை ஒரேயடியாக அகற்றவும் இயலாது. ஆளியின் வேர் பிடித்திருந்த மண் மழையில் கரைந்து ஓடிவிடும். வெற்றிடத்தில் வேறு களைகள் புகுந்துவிடும். ஆகவே சிறு சிறு துண்டுகளாக வெட்டி, உடனுக்குடன் தீவின் சொந்தச் செடிகளை நட்டு வருகிறார்கள். நாற்றங்காலில் கன்றுகளை வளர்க்கிறார்கள். தீவின் அரிய செடிகளின் விதைகள் இங்கிலாந்திலுள்ள கியூ தாவரத் தோட்டத்தின் விதை வங்கியிலும் சேமிக்கப்பட்டுள்ளன. இவையெல்லாம் ஒரு பூவுக்காக மட்டும் நடப்பனவும் அல்ல. பனியைப் பிடிக்கும் காடு மீண்டால்தான் தீவு மக்களின் குடிநீரும் மீளும்.

இம்முயற்சி பலிக்குமா என்று கேட்பவர்க்கு அத்தீவே இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. அழிந்துபோயிற்று என்று நெடுங்காலம் நம்பப்பட்ட கருங்காலியின் இரண்டே இரண்டு புதர்கள் 1980இல் ஒரு செங்குத்துப் பாறையில் கண்டுபிடிக்கப்பட்டன. உயிரைப் பணயம் வைத்து இறங்கிப் பறித்த கிளைகளிலிருந்து இன்று ஆயிரக்கணக்கான கன்றுகள் பெருகியுள்ளன. இது ஒரு விடை. தீவின் ஒலிவ மரமும் அவ்வாறே 1977இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் காட்டில் நின்ற கடைசி மரம் 1994இல் பட்டது. தோட்டத்தில் வளர்த்த கடைசிக் கன்றும் 2003இல் மடிந்தது. அத்துடன் அம்மர இனம் உலகிலிருந்தே முடிந்தது. இது மற்றொரு விடை. இரண்டு கதையிலும் அன்பும் உழைப்பும் இருந்தன. பிந்தித் தொடங்கிய வேலையில் பலன் நம் கையில் இல்லை என்பதையே இவை காட்டுகின்றன.

பெரு மணிப்பூ இன்று இந்த இரு விடைகளுக்கும் நடுவே நிற்கிறது. சிறு மணிப்பூவும் சாலைக்கரையில் முளைக்கிறதே என்று நாம் நிம்மதி கொள்வதற்கில்லை. கருங்காலியும் ஒரு காலத்தில் ஆட்டைவிட மலிவாகக் கிடந்ததுதான்.

அடுத்த முறை சிப்பூர் தோட்டத்திற்குச் செல்லும் நேயர்கள், ஆலமரத்தைப் பார்த்த பின் ஆற்றங்கரை வீட்டின் எதிரிலும் சற்று நிற்கலாம். விடுமுறைக்கு ஊர் செல்பவர்கள் நீலகிரியின் புல்வெளியில் அந்த வெளிறிய நீல மணியைத் தேடிப் பார்க்கலாம். குழந்தைகள் கேட்டால், இதற்குக் கடல் நடுவே நான்கு உறவினர் இருந்தனர், இப்போது இருவரே இருக்கின்றனர் என்று சொல்லுங்கள். அவ்விருவரில் யாருக்கு முதலில் உதவி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.